காட்டு அத்தியும் துவைக்கும் துறையும்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு விடுமுறையில் வாசித்துக் காட்டலாம் என்று கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட்டை எடுத்தேன். இரண்டு மாதத்தில் இருவருமாக முடித்துவிட்டோம். முடித்தபோது எனக்கு ஏமாற்றம்தான். சின்ன வயதில் கேட்ட மரக்குதிரை அதில் இல்லை. கிரேக்க வீரன் அக்கிலீஸின் உடம்பில் ஆயுதம் ஏறும் ஒரே இடம் என்று கேட்டிருந்த குதிகால் இல்லை. ட்ராய் நகரம் விழுவதற்குள் காவியமே முடிந்துவிடுகிறது. மாவீரன் என்று நான் நினைத்திருந்த அக்கிலீஸ், சிறைபிடித்து வந்த பெண்ணைத் தன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். வெளியே அவனுடைய ஆட்கள் சாகிறார்கள். பெண்களோ குதிரைகளோடும் பாத்திரங்களோடும் சேர்த்து எண்ணப்படும் பரிசுப்பொருட்கள். "அம்மா, இதுல ஹீரோயின் யாரு?" என்று மகள் கேட்டாள். போருக்குக் காரணமான ஹெலன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு யாரைச் சொல்வதென்றும் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தோழிக்கு,

குதிரையையும் குதிகாலையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மரக்குதிரை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியில் வருகிறது. அங்கே அரசவைப் பாணன் ஒருவன் அதைப் பாடுகிறான். விரிவாகச் சொன்னவர் ரோமானியக் கவிஞர் வெர்ஜில். குதிகால் இன்னும் பிந்தியது. தாய் தன் குழந்தையை ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த கதை, கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞரான ஸ்டாட்டியஸிடம்தான் நமக்கு முதலில் கிடைக்கிறது. ஹோமரின் அக்கிலீஸுக்கு உடம்பெங்கும் நம்மைப் போன்ற தோல்தான். 21ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி அவன் முன்கையைக் கீறுகிறது, ரத்தம் பீறிடுகிறது. பத்தாண்டுப் போர் முழுவதையும் ஹோமர் பாடவில்லை. பத்தாம் ஆண்டில் ஏறத்தாழ ஐம்பது நாட்களை எடுத்துக்கொண்டு 24 காண்டங்களில், 15,600க்கு மேற்பட்ட அடிகளில் பாடினார். காவியத்தின் முதல் சொல் 'சினம்'. அந்தச் சினம் மூண்டு, பெருகி, கடைசியில் ஒரு கிழவரின் முன்னால் வடிகிறது. அதோடு கதை முடிகிறது.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். என் பதில் ஆண்ட்ரோமகி. ட்ராய் இளவரசன் ஹெக்டரின் மனைவி. 24 காண்டங்களில் மூன்றில்தான் அவள் பேசுகிறாள்: 6, 22, 24. அந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்து மகளோடு மறுபடி ஒருமுறை வாசியுங்கள். நான் இந்தக் காவியத்தை முதலில் படித்தபோது யார் யாரைக் கொன்றார்கள் என்பதிலேயே கவனமாக இருந்துவிட்டேன். ஒரு மரத்தையும் ஒரு துவைக்கும் துறையையும் கவனிக்காமல் கடந்துபோனேன். இப்போது இலியட் என்றதும் எனக்கு முதலில் நினைவில் எழுபவை அவைதான்.

6ஆம் காண்டத்தில் ஹெக்டர் களத்திலிருந்து நகருக்குள் வருகிறான். மனைவியைத் தேடி வீட்டுக்குப் போனால் அவள் அங்கே இல்லை. நம் படை பின்வாங்குகிறது என்று கேள்விப்பட்டு மதிலுக்கு ஓடியிருக்கிறாள். கோட்டை வாசலருகே இருவரும் எதிர்ப்படுகிறார்கள். கூடவே தாதியின் கையில் குழந்தை. அப்பாவின் தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை வீரிட்டு அழ, அவன் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். இதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஆண்ட்ரோமகி பேசியதைப் பாருங்கள். அவள் அப்பாவையும் ஏழு அண்ணன் தம்பிகளையும் கொன்றவன் அக்கிலீஸ். சகோதரர்கள் ஏழு பேரும் ஒரே நாளில் போனார்கள். மீட்கப்பட்டு வந்த அம்மாவும் பிறகு இறந்துவிட்டாள். "நீதான் எனக்கு அப்பா, நீதான் அம்மா, நீதான் உடன்பிறந்தவன், நீதான் கணவன்" என்கிறாள். அழுதுகொண்டே சொல்கிறாள். அந்த அழுகையிலேயே அடுத்த பேச்சு போர்முறை பற்றியது: படையை அந்தக் காட்டு அத்தி மரத்தருகே நிறுத்து. மதில் அங்கேதான் ஏறுவதற்கு எளிது. எதிரியின் சிறந்த வீரர்கள் மூன்று முறை அந்த இடத்தைச் சோதித்துவிட்டார்கள்.

இதைப் பாசத்தில் ஒரு பெண் சொன்ன சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் மதில்மேல் நின்று பார்த்தவள். எத்தனை முறை, எந்த இடத்தில் என்று எண்ணி வைத்திருக்கிறாள். மதிலைப் பிடித்துக்கொண்டு போரிடு என்பதுதான் அவள் யோசனை. 18ஆம் காண்டத்தில் இதே யோசனையை ஹெக்டரின் தோழன் பொலிடமஸ் சொல்கிறான்: அக்கிலீஸ் திரும்பி வந்துவிட்டான், வெளியில் தங்காதே, ஊருக்குள் போய் மதிலிலிருந்து போரிடுவோம். ஹெக்டர் அதையும் தள்ளிவிடுகிறான். மனைவி சொன்னதைத் தள்ளியபோது யாரும் கவனிக்கவில்லை. தோழன் சொன்னதைத் தள்ளியபோது படையே ஆரவாரம் செய்தது. மறுநாள் படையில் பெரும்பகுதி அழிகிறது. 22ஆம் காண்டத்தில் மதிலுக்கு வெளியே தனியாக நிற்கும் ஹெக்டர், உள்ளே போனால் பொலிடமஸ் முதலில் என்னைக் குறை சொல்வான் என்று தனக்குள் பேசிக்கொள்கிறான். தன் வலிமையை நம்பி மக்களை அழித்துவிட்டான் என்ற பேச்சைக் கேட்பதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிறான். ஆண்ட்ரோமகி சொன்னது அவனுக்கு அப்போதும் நினைவில் வரவில்லை.

ஹோமருக்கு நினைவிருக்கிறது. அக்கிலீஸ் நெருங்கி வந்ததும் ஹெக்டருக்கு உடல் நடுங்கிவிடுகிறது, ஓடுகிறான். மதிலைச் சுற்றி மூன்று முறை. ஓடும் வழியில் அவர்கள் கடக்கும் அடையாளங்களில் ஒன்று காற்றில் ஆடும் காட்டு அத்தி மரம். ஒரே ஒரு அடிதான். யார் சொன்ன மரம், எதற்காகச் சொன்ன மரம் என்றெல்லாம் கவிஞர் எடுத்துக் கொடுப்பதில்லை. கேட்பவருக்கு நினைவிருந்தால் போதும்.

மரத்தைத் தாண்டியதும் இரண்டு நீரூற்றுகள். ஒன்றில் வெந்நீர், புகைபோல ஆவி எழுகிறது. மற்றது கோடையிலும் ஆலங்கட்டிபோல் குளிர்ந்தது. அங்கே அகன்ற கல்தொட்டிகள். கிரேக்கர்கள் வருவதற்கு முன்பு, அமைதி இருந்த காலத்தில், ட்ராயின் மனைவிமார்களும் மகள்களும் தங்கள் பளபளக்கும் ஆடைகளைத் துவைத்த துறை அது. ஒருவன் உயிருக்காக ஓடிக்கொண்டிருக்கிறான், துரத்துகிறவன் பின்னால் வருகிறான், கவிஞர் நின்று துணி துவைத்த துறையைப் பற்றிச் சொல்கிறார்! அதுவும் போகிறபோக்கில் அல்ல, பல அடிகள். நான்காம் முறை அவர்கள் அதே ஊற்றுகளுக்கு வந்து சேரும்போதுதான் கடவுளர்களின் தலைவர் சீயஸ் பொன் தராசைத் தூக்கிப் பிடிக்கிறார். ஹெக்டரின் தட்டு கீழே இறங்குகிறது. அவன் விதி முடிவாவது பெண்கள் துணி துவைத்த துறையில்.

இந்த நேரத்தில் ஆண்ட்ரோமகி எங்கே? வீட்டின் உள்ளறையில் தறியில். ஊதா நிறத் துணியில் பூவேலைப்பாடு நெய்துகொண்டிருக்கிறாள். கணவன் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டான் என்று அவளிடம் யாரும் வந்து சொல்லவில்லை. வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டுப் பெரிய கொப்பரையை அடுப்பில் ஏற்றச் சொல்கிறாள், களத்திலிருந்து வருகிறவன் வெந்நீரில் குளிக்கட்டும் என்று. அப்போது மதிலின் பக்கமிருந்து ஓலம் கேட்கிறது. கையிலிருந்து தறிநாடா நழுவி விழுகிறது. ஓடுகிறாள். மதில்மேல் ஏறிப் பார்த்தால், அவன் உடல் அக்கிலீஸின் தேருக்குப் பின்னால் இழுபட்டுப் போகிறது. உலக இலக்கியத்தில் எத்தனையோ சாவுகளைப் படித்திருக்கிறேன். அடுப்பில் சூடாகிக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீரைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

ஹெக்டர் அன்பில்லாதவன் என்று சொல்லவரவில்லை. காவியத்தில் மனைவியிடம் அவனைப்போல் பேசியவன் வேறு யாருமில்லை. ட்ராய் விழும் நாள் வரும் என்று அவனுக்குத் தெரியும். அப்பா அம்மா படப்போகும் துன்பத்தைவிட, உன்னை ஒருவன் அழ அழ இழுத்துப்போகும் நாளை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை என்கிறான். அந்நிய ஊரில் இன்னொருத்திக்காக நீ தறி நெய்வாய், ஊற்றிலிருந்து தண்ணீர் சுமப்பாய். இதுவரை சரி. அடுத்து என்ன சொல்கிறான் தெரியுமா? உன் கண்ணீரைப் பார்த்து ஒருவன் சொல்வான், இவள் ஹெக்டரின் மனைவி, ட்ராய்க்காரர்களில் தலைசிறந்து போரிட்டவன் அவன் என்று. அவள் அடிமையாகி நிற்கும் காட்சியிலும் அவனுக்குத் தன் பெயர் கேட்கிறது. கிரேக்கத்தில் புகழுக்கு 'கிளெயோஸ்' என்று பெயர். காதில் விழுவது என்பது அதன் வேர்ப்பொருள். இந்த ஆண்கள் எல்லோரும் உயிரைக் கொடுத்து வாங்குவது அதைத்தான்.

அக்கிலீஸ் அந்த வியாபாரத்தையே சந்தேகப்பட்டவன். அவனை வெறுமனே முரண்டு பிடிப்பவனாகப் பார்க்காதீர்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். 9ஆம் காண்டத்தில் சமாதானம் பேச வந்தவர்களிடம், கோழைக்கும் வீரனுக்கும் ஒரே மதிப்புதானே கிடைக்கிறது என்று கேட்கிறான். ஆடுமாடுகளைக் கவர்ந்து வரலாம், முக்காலிகளைச் சம்பாதிக்கலாம், பல்வரிசையைத் தாண்டிப் போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்கிறான். இங்கேயே இருந்து செத்தால் அழியாப் புகழ், ஊருக்குப் போனால் நீண்ட ஆயுள். அவன் உயிர்த்தோழன் பேட்ரோக்ளஸ் ஹெக்டர் கையால் செத்திருக்காவிட்டால் எதைத் தேர்ந்திருப்பானோ. ஒடிஸியில் இறந்தோர் உலகத்தில் அவனைச் சந்திக்கும்போது, செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு உழைப்பது மேல் என்கிறான். ஆனால் 21ஆம் காண்டத்தில் கெஞ்சி நிற்கும் இளைஞனை அவன் கொல்லும் இடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கும்படி ஹோமரும் கேட்கவில்லை.

பெண்கள் பரிசுப்பொருட்களாக எண்ணப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. அக்கிலீஸிடமிருந்து பறிக்கப்பட்டு அவன் சினத்துக்குக் காரணமான பிரிசெய்ஸ் 18 காண்டங்களுக்கு வாய் திறப்பதில்லை. 19ஆம் காண்டத்தில் பேட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து அழும்போது ஒரே ஒருமுறை பேசுகிறாள். என் கணவன் என் ஊர்வாசலில் வெட்டுண்டு கிடந்ததைப் பார்த்தேன், மூன்று சகோதரர்களும் அன்றே போனார்கள், அப்போதும் நீ என்னை அழவிடவில்லை என்கிறாள். சுற்றி நின்ற அடிமைப் பெண்களும் அழுகிறார்கள். பேட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து அவரவர் துயரத்துக்காக அழுதார்கள் என்று ஹோமர் ஒரு வரி சேர்க்கிறார். சாவு வீட்டில் ஒப்பாரி கேட்ட யாருக்கும் அந்த வரி புரியும். பரிசுப்பொருட்கள் என்று எண்ணிய ஆண்களுக்கு அது தெரியாது. பாடியவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஹெலனிடமும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். முதலில் அவளைப் பார்க்கும்போது அவளும் தறியில்தான் இருக்கிறாள். தன்பொருட்டு நடக்கும் போரையே ஊதாத் துணியில் நெய்கிறாள். அவளைத் தூற்றாதவர்கள் அந்த ஊரில் அவள் மாமனாரான அரசர் பிரியமும் ஹெக்டரும் மட்டும்தான்.

போரிடும் பெண் இல்லையா என்று மகள் கேட்கக்கூடும். உண்டு, இலியட்டுக்குப் பிந்திய கதையில். அமேசான்களின் அரசி பெந்தெசிலேயா ட்ராய்க்குத் துணையாக வந்து அக்கிலீஸ் கையால் மடிகிறாள். அதைப் பாடிய காவியம் தொலைந்துவிட்டது. எக்ஸேகியாஸ் என்ற குயவர் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தீட்டிய ஜாடி ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஈட்டி இறங்கும் அதே கணத்தில் இருவர் கண்களும் சந்திக்கின்றன. அந்தப் படத்தை மகளுக்குக் காட்டுங்கள்.

போர் முடிந்தபின் ஆண்ட்ரோமகிக்கு நடந்ததை ஏதென்ஸில் மேடையேற்றியவர் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ். ஆண்டு கி.மு. 415. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் ஏதென்ஸ்காரர்கள் மெலோஸ் தீவை வென்று, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தார்கள். அந்த ஏதென்ஸ்காரர்களின் முன்னால், அக்கிலீஸின் மகனுக்கு அடிமையாக ஒதுக்கப்பட்ட ஆண்ட்ரோமகியின் கையிலிருந்து குழந்தையைப் பறித்துப்போய் மதிலிலிருந்து வீசியெறிவதைச் சொன்னார். புதைக்கும்வரைகூட அவளை இருக்கவிடவில்லை, கப்பல் கிளம்பிவிட்டது. பாட்டி ஹெகுபாதான் பேரனை ஹெக்டரின் கேடயத்தில் கிடத்தி அடக்கம் செய்கிறாள். நாடகப் போட்டியில் யூரிப்பிடிஸுக்கு இரண்டாம் பரிசு.

இலியட்டின் கடைசிக் காண்டத்தில் கிழவர் பிரியம் இரவில் எதிரியின் கூடாரத்துக்குப் போய், தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, மகனின் உடலைக் கேட்டு வாங்கி வருகிறார். உடல் ஊருக்குள் வந்ததும் மூன்று பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். முதலில் ஆண்ட்ரோமகி, பிறகு தாய் ஹெகுபா, கடைசியில் ஹெலன். ஆண்ட்ரோமகி அவன் வீரத்தோடு நிறுத்தவில்லை. படுக்கையில் கிடந்து என் பக்கம் கை நீட்டிச் சாகவில்லையே நீ, இரவும் பகலும் அழும்போது நான் நினைத்துக்கொள்ள ஒரு சொல்லாவது சொல்லிவிட்டுப் போகவில்லையே என்கிறாள்.

6ஆம் காண்டத்துக்குத் திரும்பிப் போனால் அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது இருக்கிறது. வீட்டுக்குப் போ, உன் வேலையைப் பார், தறியையும் நூல் நூற்கும் கதிரையும் கவனி, போரை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். அவளும் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. சொன்னபடி தறியில் உட்கார்ந்திருந்தாள், அந்த ஓலம் கேட்கும்வரை.

அன்புடன்.