டெர்மினல் இலியத்தில் புண் என்று கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது. அது எந்த இடம், என்ன நோயாக இருக்கலாம்?

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வால்வுக்குச் சற்று முன்னால் உள்ள துண்டுதான் டெர்மினல் இலியம். வலது அடிவயிற்றில், குடல்வாலை ஒட்டினாற்போல் இருக்கிறது. இங்கே வலி வந்தால் முதல் சந்தேகம் குடல்வால் மேல் விழுவது அதனால்தான். 'புண்' என்பது கேமராவில் தெரிந்ததே தவிர நோயின் பெயர் அல்ல. பயாப்ஸி (திசுத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு வருவதற்குள் இணையத்தில் தேடி, குடலில் நாள்பட்ட அழற்சி தரும் கிரோன் நோய்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரைப்பையை அடுத்து வரும் முதல் துண்டான டியோடினம் போக மீதிச் சிறுகுடலில் முதல் ஐந்தில் இரண்டு பங்கு ஜெஜுனம், அடுத்த மூன்று பங்கு இலியம். நடுவில் எல்லைக்கோடு எதுவும் கிடையாது. வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர் கையில் தூக்கிப் பார்த்தே இனம் காண்பார். ஜெஜுனம் தடிப்பாக, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். அதைத் தாங்கும் சவ்வில் ரத்தக் குழாய்களுக்கு இடையே வெளிச்சம் ஊடுருவும். இலியம் மெலிசு, அகலமும் குறுகல். சவ்வில் கொழுப்பு அடைத்திருப்பதால் வெளிச்சம் தெரியாது.

இலியத்தின் கடைசித் துண்டுக்கு வேறு எந்தப் பகுதியும் ஈடாகச் செய்ய முடியாத இரண்டு வேலைகள் உண்டு. இரைப்பையில் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது ஒன்று. பித்த உப்பில் சுமார் 95 சதவீதத்தை மீட்டு ஈரலுக்குத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. ஜெஜுனத்தை வெட்டி எடுத்தால் அதன் வேலையை இலியம் பழகிக்கொள்ளும். இலியத்தை எடுத்தால் ஜெஜுனம் இந்த இரண்டையும் பழகாது.

இலியத்தின் சுவரில் நிணநீர்த் திசுத் திட்டுகள் உள்ளன. 1677-இல் அவற்றை விவரித்த சுவிஸ் மருத்துவர் யோஹான் கொன்ராட் பேயரின் பெயரில் பேயர் திட்டுகள் என்கிறோம். டைபாய்டு கிருமி குறிவைப்பது இவற்றைத்தான். திட்டு குடலின் நீளவாக்கில் நீண்டிருப்பதால் புண்ணும் நீளவாக்கிலேயே விழும். காய்ச்சல் தொடங்கிய மூன்றாவது வாரத்தையொட்டி அது ஓட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் ஆறிவிட்டால் குடல் சுருங்குவது அபூர்வம். குடலில் வரும் காசநோய் இதற்கு நேர்மாறு. நிணநீர்க் குழாய்கள் குடலைச் சுற்றி ஓடுவதால் புண் குறுக்கே, வளையம்போல் பரவும். ஆறும்போது தழும்பும் வளையமாகவே இறுகி, குடலை நெரிக்கும். மருந்தில் கிருமி செத்த பிறகும் சிலருக்கு அடைப்பு வருவது இதனால்தான்.

கிரோன் நோய் 1932-இல் விவரிக்கப்பட்டபோது இலியத்தின் கடைசிப் பகுதி நோயாகவே கருதப்பட்டது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம் என்பது பிறகு தெரிந்தது. இதில் அழற்சி சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். நடுநடுவே நல்ல குடலை விட்டுவிட்டுப் பிடிக்கும். பக்கத்துக் குடலுக்கோ தோலுக்கோ புரை (குழாய்போன்ற துளை) ஓடும். ஆசனவாய்ப் பக்கம் புரையும் இருந்தால் கிரோன் பக்கம் தராசு சாயும். வால்வு மூடாமல் திறந்தே கிடந்தால், வயிற்றில் நீர் கோத்திருந்தால், காசநோய்ப் பக்கம்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரிய அபாயம். காசநோயைக் கிரோன் என்று நினைத்து நோயெதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டோ பயாலஜிக் ஊசியோ கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவலாம். அதனால் புண்ணின் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் பல துணுக்குகள் எடுத்து, நுண்ணோக்கிச் சோதனையோடு கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) அனுப்ப வேண்டும். குடல் காசநோயில் கிருமிகள் சொற்பம் என்பதால் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் காசநோய் இல்லை என்றாகிவிடாது. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் செய்து பார்ப்பது வழக்கம். வலி குறைந்ததா என்பதை மட்டும் நம்பக்கூடாது, கிரோன் நோயாளிக்கும் இடையில் வலி குறையலாம். புண் ஆறியதா என்பதே கேள்வி.

எல்லாப் புண்ணும் இவ்வளவு பெரிய சமாச்சாரமும் அல்ல. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளே இங்கே சின்னச் சின்னப் புண்களை உண்டாக்கும். மருத்துவரைப் பார்க்கும்போது கடைசி மூன்று மாதத்தில் விழுங்கிய மாத்திரைகள் அத்தனையையும் சொல்லுங்கள். யெர்சினியா என்ற பாக்டீரியாவின் தொற்றாலும் புண் வரலாம், அது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இளவயதினருக்கு இந்த இடத்தில் மணிமணியாகத் தெரிவது பெரும்பாலும் இயல்பான நிணநீர்த் திசுதான். மெக்கல் பை என்ற பிறவிப் பையும் இலியத்தில்தான் இருக்கும். ஆனால் வால்வுக்கு 60 செ.மீ. அளவுக்கு மேலே இருப்பதால் கொலோனோஸ்கோப் பொதுவாக அதுவரை எட்டாது.

இலியத்தை வெட்டியே ஆக வேண்டுமென்றால் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ.க்கு மேல் போனால் பி12 ஆயுள் முழுக்கத் தேவைப்படும். ஈரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருப்பதால் முதல் ரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் அசட்டையாக இருக்கக்கூடாது. வெட்டியது 1 மீட்டருக்குள் என்றால், பித்த உப்பு பெருங்குடலில் கொட்டி நீராகப் பேதியாகும். அதற்குப் பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கோலெஸ்டைரமின் என்ற மருந்து கேட்கும். 1 மீட்டரைத் தாண்டினால் ஈரலால் ஈடுகட்ட முடியாமல் கொழுப்பே செரிக்காது, மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகும். அந்த நிலையில் அதே கோலெஸ்டைரமின் நிலைமையை மோசமாக்கும்; உணவில் கொழுப்பைக் குறைப்பதுதான் வழி. செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வழக்கமாகக் கால்சியத்தோடு சேர்ந்து வெளியேறும் ஆக்சலேட் என்ற உணவுப்பொருள் உப்பு தனித்துவிடப்பட்டு ரத்தத்தில் ஏறும், சிறுநீரகக் கல்லும் வரும்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு சுருட்டிப் பிடித்து, கடகடவென்று உருளும் சத்தத்தோடு விடுகிறதென்றால் எங்கோ குறுகல் இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் சி.டி. அல்லது எம்.ஆர். என்டரோகிராபி (சிறுகுடலைக் காட்டும் ஸ்கேன்) எடுக்காமல் கேமரா கேப்ஸ்யூலை விழுங்கக்கூடாது, உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுவும் பிரியாமல் இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.