சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாயே திறப்பதில்லை, பேச வைக்க என்ன வழி?

கேள்வி: "எங்கள் தொண்டு அமைப்பில் 150 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருகிறார்கள், நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்களைக் கலந்து பேச வைப்பது எப்படி?"

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த டீ கொடுக்கிற இடத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி, கொள்முதல் நிலையத்தில் யார் நெல்லை ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பினார்கள், எந்த வீட்டுப் பெண்ணுக்கு எங்கே பேசுகிறார்கள் என்று ஒருத்தர் வாயும் ஓயாது. அதே ஆட்கள்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உங்கள் எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்கள். பேசத் தெரியாத ஜனம் இல்லை. உங்கள் கூட்டத்தில் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்த ஜனம்.

கோபப்படாதீர்கள். கையெழுத்து நோட்டு என்று எழுதியிருப்பதால் எங்களை மாதிரி ஊர்ச் சங்கம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நகரத்தில் ஏசி அறையில் கூடுகிற அமைப்பு என்றால் இதை விட்டுவிட்டு அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.

நான் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே எங்கள் ஊர். தையல் கடை வைத்திருக்கிறேன். ஊர்க் குளங்களையும் வாய்க்கால்களையும் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் இருக்கிறது. 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி சங்கம் பதிய ஏழு பேர் போதும். எங்களிடம் நூற்றுச் சொச்சம் பேர். நான் செயலாளர். நிதி கொடுத்த ஒருவர், சங்கப் பொறுப்பில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்றதால்தான் என்னைப் போட்டார்கள். யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடக்கும். ஃபிளெக்ஸ், மைக், மேடையில் ஐந்து நாற்காலி. தலைவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நல்ல மனுஷன், எனக்கே ஆறாம் வகுப்பு எடுத்தவர், ஒரு பைசா யாரிடமும் வாங்காதவர். ஆனால் மைக்கைப் பிடித்தால் கரிகாலன் கல்லணை கட்டியதில் ஆரம்பித்து 1934இல் மேட்டூர் அணை வந்தது வரைக்கும் வராமல் உட்கார மாட்டார். பிறகு சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. பிறகு பொருளாளர் கணக்கு வாசிப்பார். எல்லாம் முடிந்து, வெளியே டீ கேன் திறக்கிற சத்தம் கேட்கும்போது, "உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளைக் கூறலாம்" என்பார். யார் கூறுவார்கள்? தீர்மானம் ஏற்கெனவே மினிட் புக்கில் எழுதியாகிவிட்டது.

இதற்கு வைத்தியம் பார்க்க ஒருமுறை பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தோம். வட்டமாக நிற்க வைத்து ஒரு பந்தைக் கொடுத்தார். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன் பேரையும், வீட்டில் இருப்பவர்கள் பேரையும், பிடித்த விஷயத்தையும் சொல்ல வேண்டுமாம். பிறந்ததிலிருந்து ஒரே குளத்தில் குளித்தவர்களிடம் பேரைக் கேட்கிறார்! அதுகூடப் பரவாயில்லை. பந்து எங்கள் தெரு அத்தாச்சி கைக்குப் போனது. எழுபது வயதுக்காரர். புருஷன் பேரை இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், பயிற்சியாளரைப் பார்க்கிறார், கடைசியில் பந்தைக் கீழே வைத்துவிட்டு, "மாடு கத்துது" என்று கிளம்பிவிட்டார். அவர் பின்னாலேயே பாதிப் பெண்கள் போய்விட்டார்கள். பயிற்சியாளர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் தெரிந்து வரச் சொல்லுங்கள்.

எங்களுக்கு முதலில் மாறியது இடம். மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஒரு மாதம் பால் சொசைட்டித் தாழ்வாரத்தில் கூட்டம் போட்டோம். அன்றைக்குத்தான் கீழத் தெருக்காரர்கள் தூணுக்கு வெளியே நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். மண்டபத்தில் யாரும் அவர்களை வராதே என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருந்ததில்லை, அதுதான் விஷயம். சொசைட்டி தினம் இரண்டு வேளை எல்லாத் தெருவும் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிற இடம். கூரை சரியான பிறகும், பெண்களுக்குக் கிட்டே இருக்கிறது என்று காரணம் சொல்லி நான் மண்டபத்துக்குத் திரும்ப விடவில்லை. "சாதியை இழுக்காமல் உங்களால் ஒரு பதில் எழுத முடியாதா" என்று கேட்பவர்கள் தங்கள் ஊர்க் கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, கேள்வி. அதற்கு முந்தின கோடையில் நன்கொடையாளர் ஒருவர் பணத்தில் ஊர்க் குளத்தைப் பொக்லைன் வைத்துத் தூர்வாரியிருந்தோம். நன்றாக ஆழம் எடுத்தோம், கரை போட்டோம், படம் எடுத்தோம். மழைத் தண்ணீர் நின்றதோடு சரி, ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. டெல்டாவில் குளம் என்றால் தனியாக ஒரு பள்ளம் இல்லை என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குளத்துக்கு ஒரு வழி, குளம் நிரம்பினால் வடிகாலுக்கு இன்னொரு வழி. வருகிற வழியை விட்டுவிட்டுப் பள்ளத்தை மட்டும் தோண்டினால் தண்ணீர் எங்கிருந்து வரும்?

அன்றைக்குச் சார் கரிகாலனைத் தொடங்குவதற்கு முன்னால் எழுந்து, "இந்தக் குளத்துக்கு முன்னாடி தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சு? எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொன்னா அடுத்த வாரம் அங்கதான் ஆள் விடணும்" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது. நான் வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சார்தான், பாலில் இருக்கிற கொழுப்புக்கு என்ன விலை என்று சொசைட்டி போர்டில் எழுதுகிற சாக்பீஸை எடுத்து, சிமெண்டுத் தரையில் குளத்தை வரைந்து மேற்கே ஒரு கோடு இழுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், நீங்க கோடு போட்ட எடம் மேடு. அதுல எப்புடித் தண்ணி ஏறும்? மாடு மேச்சவளுக்குத் தெரியாதா?"

பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போன அதே அத்தாச்சி. எழுந்து வந்து சாக்பீஸை வாங்காமல் கால் கட்டைவிரலாலேயே காட்டினார். "இஞ்ச பாரு தங்கச்சி. இது புளியமரம். இதுக்குப் பின்னால ஒரு கல் மதகு கெடந்துச்சு. சின்னப் புள்ளையில அதுல ஒக்காந்துதான் கால் கழுவுவோம்."

"மரம் இந்தப் பக்கம்ல?" என்றார் ஒருவர். அவ்வளவுதான். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற லஸ்கரோடு, சட்ரஸ் என்கிற மதகுக் கதவைத் திறக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், அந்த மதகுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட கணக்கைச் சொன்னார். ஒருவர் இல்லை என்றார். இன்னொருவர் தன் அப்பாவைச் சாட்சிக்கு இழுத்தார். தரை முழுக்கக் கோடு. டீ ஆறிப்போனது. விடிந்ததும் ஏழெட்டுப் பேர் அரிவாளோடு போய் நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிப் பார்த்தால், கல் இருக்கிறது. இரண்டு பக்கமும் பலகை இறக்குகிற காடி தேயாமல் அப்படியே இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே நண்டு.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் மதகிலிருந்து குளத்துக்கு வரும் வழியில் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது, கொட்டகைக்காரரும் எங்கள் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் கலகலப்பு என்றால் அப்படி ஒரு கலகலப்பு, இரண்டு பேரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. "சும்மா கெடந்த சங்கத்த இந்தப் பொம்பள வந்து சண்டைக்காடா ஆக்கிட்டா" என்று தெருவில் பேச்சு. அவர் வைக்கோல் போரை நகர்த்தினார், கொட்டகையை நகர்த்தவில்லை. கடைசியில் அதன் அடியில் சிமெண்டுக் குழாய் போட்டோம். குழாய் போதாது, தண்ணீர் சுமாராகத்தான் வருகிறது. இரண்டு குடும்பம் விலகிவிட்டது. உறுப்பினர்களைப் பேச வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்களே, பேச ஆரம்பித்தால் இதுவும் சேர்ந்துதான் வரும். இனிக்க இனிக்க மட்டும் பேச வேண்டும் என்றால் ஃபிளெக்ஸ், பொன்னாடையே போதும்.

எல்லாக் கேள்வியும் இப்படி வேலைக்கு ஆகாது. கஜா புயல் ராத்திரி, 2018 நவம்பர் 16, யார் யார் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்துவிட்டது. நடுராத்திரி வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. அழுதார்கள், சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குப் பேசவேண்டிய கரை விஷயம் அப்படியே நின்றுவிட்டது. அந்த மாதிரிப் பேச்சும் வேண்டியதுதான், அதற்கென்று தனியாக உட்காருங்கள்.

கஜா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பிறந்த வீடு பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்பு. நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். விழுந்த மரத்துக்கு 600, அதை வெட்டி அகற்ற 500. எங்கள் தோப்புக்குக் கணக்கெடுக்க வந்தவர் படுத்துக் கிடந்த மரத்தை மட்டும் எண்ணினார். குருத்து முறுக்கி நின்ற மரத்தையெல்லாம், "நிக்குதுல்ல ஐயா" என்று விட்டுவிட்டார். அது நின்றது, அடுத்த கோடையில் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தது. அப்பா அந்தக் கணக்கை இன்றைக்கும் ஒரு காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை. தென்னம்பிள்ளை வைத்துக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவர்கள் யாரும் அந்த எண்ணிக்கையை அவ்வளவு அவசரமாக எடுத்திருக்க மாட்டார்கள். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

"ஒவ்வொருத்தரா எழுந்து உங்க கருத்தைச் சொல்லுங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முதல் ஆள் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்பார், மிச்சப் பேரும் அதையே சொல்லி உட்காருவார்கள். பதில் உங்களுக்கே தெரிந்த கேள்வியையும் கேட்காதீர்கள், வாத்தியார் கேட்கிற கேள்வி என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, முடிவு எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் வாயைத் திறந்ததும், போன தடவை இன்னார் சொன்னது என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். நடக்கவில்லை என்றாலும் நடக்கவில்லை என்று சொல்லுங்கள். நான் கற்றுக்கொண்டதில் இதுதான் அதிகம் வேலை செய்கிறது. தான் சொன்னதை ஒருவர் நினைவு வைத்திருக்கிறார் என்றால் அத்தாச்சி மாட்டைக் கட்டிவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

நாள் பார்ப்பதும் முக்கியம். நடவு, அறுப்பு நாளில் கூப்பிட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்லக்கூடாது. நடவு நாள் தண்ணீரைப் பொறுத்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். 2024இல் ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள், அந்த வருஷம் எங்கள் கூட்ட நாள் எல்லாமே தள்ளிப்போனது. கிராம சபை நடக்கிற நாளிலும் வைக்காதீர்கள். சிலர் கிராம சபைக்கே வருவதில்லையே என்பீர்கள். அங்கேயும் தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக்குக் கூப்பிட்டால் இதே கதைதான்.

"இது ஒரு ஊரில் ஒரு குளத்துக்கு நடந்தது, இதை வைத்து எல்லாருக்கும் சொல்லலாமா" என்று கேட்பவர்களுக்கு: எல்லாருக்கும் சொல்லவில்லை, கேட்டவருக்குச் சொல்கிறேன். உங்கள் அமைப்பு ரத்ததானமோ, நூலகமோ, பிள்ளைகள் படிப்போ, எனக்குத் தெரியாது. உங்கள் உறுப்பினர்களுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கும்.

தலைவரை மாற்ற வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். நாங்கள் மாற்றவில்லை. சார்தான் இன்றைக்கும் தலைவர். கரிகாலனும் வருகிறான், கூட்டம் முடிந்து டீ வருகிற நேரத்தில் வருகிறான். கேட்க விருப்பப்பட்டவர்கள் டம்ளரோடு நின்று கேட்கிறார்கள்.