கரையான் மருந்து அடித்த பிறகு அப்பத்தாவுக்குத் தலைவலி: கானாடுகாத்தான் வீட்டுக்காரருக்கு

வணக்கம். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, தூணுக்கும் உத்தரத்துக்கும் கரையான் மருந்து அடித்த மறுநாளிலிருந்து அப்பத்தாவுக்குத் தலைவலி, குமட்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரையும் பிள்ளைகளையும் வேறு வீட்டில் தங்க வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மருந்து டப்பாவில் குளோர்பைரிபாஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அது நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து. வியர்த்துக் கொட்டுவது, எச்சில் ஊறுவது, கண்மணி சுருங்குவது, மூச்சுத் திணறல், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவின் லேபிளைக் கட்டாயம் காட்டுங்கள். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (இந்த மருந்து முடக்கும் நொதி) பரிசோதனை செய்ய அது உதவும். மரத்துக்கு மண்ணெண்ணெயில் கலந்தும் அடிப்பார்கள். அந்த ஆவிக்கே தலை வலிக்கும்.

வளவு (வீட்டின் நடு முற்றம்) திறந்திருப்பதால் காற்றோட்டம் போதும் என்று நம்பாதீர்கள், உள்ளறைகளில் வாடை தேங்கும். எல்லாக் கதவையும் பகல் முழுக்கத் திறந்து வையுங்கள். சாம்பிராணி போட்டு வாடையை மறைப்பது ஆபத்து.

பழைய மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ அடுப்பில் எரிக்கவோ வேண்டாம். லிண்டேன் போன்ற பழைய விஷம் அதில் ஊறியிருக்கலாம்; அதன் பயன்பாடு இந்தியாவில் 2013-இல்தான் தடையானது.

இன்னொன்று, நல்ல பர்மா தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான உள்மரத்தை, கரையான் எளிதில் தொடாது. வீடு முழுக்க அடிக்கச் சொல்பவரிடம் அரித்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே மட்டும் போரேட் (போரான் உப்பு) கரைசல் பூசக் கேளுங்கள், அது ஆவியாகி மூச்சில் கலப்பதில்லை.