இரண்டு நிமிட த்ரில்லர் தொடக்கம்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

பணி இதுதான்: நான்கைந்து பேர் கொண்ட மாணவர் குழு, ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் டைட்டிலோடு எடுக்க வேண்டும். பிறகு, எதை ஏன் அப்படி எடுத்தோம், நினைத்தது பலித்ததா என்று ஆளுக்கொரு மதிப்பீடு எழுதித் தர வேண்டும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் கதையில் ஒரு கடத்தல், ஒரு கொலை, துரத்தல், கடைசியில் ஒரு திருப்பம் எல்லாம் இருக்கின்றன. எப்படிச் சுருக்கினாலும் நான்கு நிமிடம் வருகிறது. எதைத் தூக்குவது?

பதில்: கிட்டத்தட்ட எல்லாவற்றையும். முழுக் கதையைச் சொல்லப் போனால் அது குறும்படம். துண்டு துண்டாகக் காட்டினால் டிரெய்லர். தொடக்கக் காட்சிக்கு ஒரே வேலைதான்: பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டு, பதில் சொல்லாமல் டைட்டிலுக்குப் போவது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தனியாக வசிக்கும் பெண் வெளியிலிருந்து வீடு திரும்புகிறாள். பூட்டிய வீடு. உள்ளே குளியலறைக் கண்ணாடியில் நீராவி படிந்திருக்கிறது. யாரோ சற்றுமுன் வெந்நீரில் குளித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. கத்தி, ரத்தம், முகமூடி எதுவும் தேவையில்லை.

இதையே இரண்டு விதமாக அடுக்கலாம். அவள் பூட்டைத் திறந்து, பையை வைத்து, விளக்கைப் போட்டு, குளியலறைக்குப் போய் கண்ணாடியைப் பார்க்கிறாள் என்றால், பார்ப்பவர் அவளோடு சேர்ந்து ஒருமுறை திடுக்கிடுவார். மாறாக ஆவி படிந்த கண்ணாடிதான் முதல் ஷாட், அடுத்தது பூட்டில் சாவி நுழையும் க்ளோஸ்-அப் என்று வைத்தால், அவள் பையை வைப்பதும் விளக்கைப் போடுவதும்கூடப் பதற்றமாகிவிடும். ஷாட்கள் அதேதான். யாருக்கு எப்போது என்ன தெரிகிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது. உங்கள் நான்கு நிமிடக் கதையிலும் அப்படி ஒரு தகவல் இருக்கும். அதைக் கண்டுபிடித்து மற்றதை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், அந்த மாதிரி ஆவி படிந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தோம். லென்ஸும் சேர்ந்து மங்கிவிடுகிறது, கண்ணாடியில் கேமராவும் தெரிகிறது.

பதில்: லென்ஸ் அறையைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் அதன்மேலும் ஆவி படிகிறது. வெந்நீரைத் திறப்பதற்கு இருபது நிமிடம் முன்பே கேமராவை அந்த அறையில் வைத்துவிடுங்கள். கண்ணாடி மட்டும் குளிர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் குளிர்ந்த தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் அடுத்த ஆவி நன்றாகப் பிடிக்கும். சீக்கிரம் கலைந்துவிடும் என்பதால் ஃபோகஸ், ஃப்ரேம் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் வெந்நீரைத் திறக்கவும். கேமரா தெரிவதற்குத் தீர்வு, கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி, சற்றுத் தூரத்திலிருந்து ஜூம் வைத்து எடுப்பது. கேமராமீதும் ஆள்மீதும் கறுப்புத் துணி போர்த்துங்கள்.

கேள்வி: இரண்டு நிமிடத்துக்கு எத்தனை ஷாட் வேண்டும்? ஸ்டோரிபோர்டு (ஷாட்களை வரிசையாக வரைந்து வைப்பது) கட்டாயமா? எங்களில் யாருக்கும் வரைய வராது.

பதில்: சராசரியாக ஒரு ஷாட் நான்கு நொடி என்றால் 120 நொடிக்கு 30 ஷாட். நடுவில் எட்டு, பத்து நொடி நிற்கும் ஷாட்கள் இருந்தால் 20 முதல் 24 போதும். 60 ஷாட் எழுதி வைத்திருக்கும் குழு, படப்பிடிப்பு நாளில் பாதியை விட்டுவிட்டு வரும். விடுபட்டது எது என்று எடிட்டிங்கில்தான் தெரியும்.

வரையவே வேண்டாம். லொகேஷனுக்குப் போய், குழுவில் ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு ஷாட்டையும் மொபைலில் புகைப்படமாக எடுங்கள். அவற்றை டைம்லைனில் வரிசையாகப் போட்டு, தற்காலிக ஒலி சேர்த்து ஓட்டிப் பாருங்கள். காகிதத்தில் ‘கதவைத் திறந்து உள்ளே வருகிறாள்’ என்பது ஒரு வரி. சாவி நுழைத்து, திருப்பி, தள்ளி, நுழைந்து, சாத்துவதற்கு எட்டு ஒன்பது நொடி ஓடிவிடும். படம் நீள்வது இங்கேதான். இந்தப் புகைப்பட வடிவத்தை அழிக்காதீர்கள், மதிப்பீடு எழுதும்போது முதல் சான்று அதுதான்.

கேள்வி: மொபைலில் எடுக்கிறோம். டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. இன்னொரு சிக்கல்: தனியாகப் பதிவு செய்த ஒலி, போகப் போகப் படத்தோடு விலகுகிறது.

பதில்: மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் கோடு போய்விடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. மொபைலின் சொந்த கேமரா ஆப்பில் ஷட்டரைக் கையால் மாற்ற முடியாவிட்டால் அந்த வசதியுள்ள ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். மலிவான எல்இடி சில எந்த ஷட்டருக்கும் அடங்காது. அந்த விளக்கை அணைத்துவிட்டு வேறு விளக்கு வைப்பதுதான் வழி.

ஒலி விலகுவதற்குக் காரணம், பல மொபைல்கள் சீரான ஃப்ரேம் வேகத்தில் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். எடிட் தொடங்குமுன் எல்லாக் கோப்புகளையும் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். பாதி எடிட் முடிந்தபிறகு மாற்றினால் எல்லா வெட்டும் இடம் மாறும்.

எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூட்டிவிட்டு எடுக்கவும். ஆட்டோவில் விட்டால், நடிகை ஜன்னலைக் கடக்கும்போது சுவர் தானாக நிறம் மாறும்.

கேள்வி: இருட்டான காட்சி வேண்டும் என்று விளக்கையெல்லாம் அணைத்து எடுத்தோம். ஒரே புள்ளி புள்ளியாக இருக்கிறது. எடிட்டிங்கில் சரி செய்ய முடியுமா?

பதில்: முழுதாக முடியாது, திரும்ப எடுங்கள். வெளிச்சம் இல்லாததால் கேமரா ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றியிருக்கிறது, புள்ளிகள் அதனால் வந்தவை. திரையில் இருட்டு என்பது விளக்கை அணைத்தால் வருவதல்ல. ஓரிடத்தில் நல்ல வெளிச்சம், பக்கத்தில் வெளிச்சமே இல்லை என்ற வித்தியாசத்தில் வருவது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் விளக்கு. மறுபக்கம் வழக்கமாக தெர்மகோல் வைத்து வெளிச்சத்தைத் திருப்புவார்கள்; நீங்கள் அங்கே கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு; இரண்டு பக்கத்துக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம், அதாவது எட்டு மடங்கு, இருந்தால் த்ரில்லருக்குப் போதும்.

சுவரை இருட்டாக்கத் தூரத்தைப் பயன்படுத்துங்கள். விளக்கிலிருந்து முகம் 1 மீட்டர், சுவர் 3 மீட்டர் என்றால் சுவருக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான். நடிகரைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டு, எடிட்டில் அந்தச் சுவரோடு போராடும் குழுக்கள் ஏராளம்.

பகலில் இரவை எடுக்க வேண்டியிருந்தால் எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் குறைத்து, ஒயிட் பேலன்ஸ் 3200 கெல்வின் வைத்து, வானம் ஃப்ரேமுக்குள் வராமல், வெயில் நடிகரின் முதுகுப் பக்கம் விழும்படி எடுக்கவும். இன்னொன்று: லேப்டாப்பில் அழகாகத் தெரியும் இருட்டு, வகுப்பறைப் ப்ரொஜெக்டரில் வெறும் சாம்பல் திரையாகிவிடும். திரையிடப்போகும் கருவியிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: துரத்தல் காட்சியில் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடுவதுபோல் இருக்கிறது.

பதில்: கேமரா கோட்டைத் தாண்டியிருக்கிறது. ஓடும் திசையில் ஒரு கற்பனைக் கோடு போட்டு, எல்லா ஷாட்டையும் அதன் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். பக்கம் மாறியே ஆக வேண்டுமென்றால் நடுவில் நேர் முன்னாலோ நேர் பின்னாலோ ஒரு ஷாட் வையுங்கள். எடுத்ததைப் படுக்கைவாட்டில் புரட்டிப் போடலாம். எழுத்துப் பலகை, கடிகாரம் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: அக்கா, பின்னணி இசை போட்டால்தான் பயமாக இருக்கிறது. இல்லாவிட்டால் சாதாரணமாகத் தெரிகிறது. இசையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் இசையை எடுத்துவிடுங்கள். இசை இல்லாமல் பதற்றம் வராத காட்சிக்கு ஷாட் வரிசையில் கோளாறு. இசை அதை மறைக்கும், தீர்க்காது. ரஃப் கட்டை (முதல் கரட்டு எடிட்டை) வெறும் சத்தங்களோடு முடித்துவிட்டுப் பிறகு இசைக்கு வருவதுதான் என் கட்சி.

ஒவ்வொரு லொகேஷனிலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். டைம்லைன் முழுக்க அடியில் அது ஓட வேண்டும். அது இல்லாமல் ஒலியை அறுத்தால் ‘மௌனம்’ என்று தோன்றாது, ஸ்பீக்கர் பழுது என்றுதான் தோன்றும். சாவி, காலடி, கதவுக் கீல் ஆகியவற்றைத் தனியாக, மைக்கை அரை அடி தூரத்தில் வைத்து எடுத்துச் சேர்க்கவும். மேலே சொன்ன உதாரணத்தில் குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம், அவள் இன்னும் ஹாலில் இருக்கும்போதே, குளியலறை ஷாட்டுக்கு ஒரு நொடி முன்னால் தொடங்கட்டும். அவள் தலை திரும்புவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

ஒலி மீட்டரில் வசனத்தின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் கிழிந்த சத்தம், பிறகு மீட்க முடியாது. அடிவயிற்றைக் கலக்கும் அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமலைப் பலரும் போடுகிறார்கள். ஹெட்போனில் கேட்கும், லேப்டாப் ஸ்பீக்கரில் சுத்தமாகக் கேட்காது. அதே ஒலியின் மேல் ஸ்தாயிப் பிரதி ஒன்றை மெல்லிய அளவில் கூடவே ஓட்டுங்கள்.

இசையை இணையத்திலிருந்து எடுத்தால் உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸில் பெயர் குறிப்பிட வேண்டியது, வணிகத்துக்குக் கூடாதது, மாற்றவே கூடாதது எனப் பல வகை உண்டு. கடைசி வகையைப் படத்தோடு சேர்த்து ஓட்டவே அனுமதி கிடையாது.

கேள்வி: டைட்டில் கார்டில் யார் பெயர் முதலில்? நாங்கள் ஐந்து பேர்தான், கார்டு பத்து வேண்டும் என்கிறார்கள்.

பதில்: ஒரே பெயர் இரண்டு கார்டில் வரலாம். தயாரிப்பு நிறுவனம், முக்கிய நடிகர்கள், படத்தின் பெயர், மற்ற நடிகர்கள், பிறகு இசை, படத்தொகுப்பு, கலை, ஒளிப்பதிவு, தயாரிப்பு, எழுத்து என்று போய் இயக்கம் கடைசியில். வழக்கம் இதுதான், சிறு மாற்றங்கள் இருக்கலாம். ஒரு கார்டுக்கு மூன்று நொடி என்றால் பத்து கார்டுக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் முக்கியமான செயல் எதுவும் நடக்கக் கூடாது. கண் எழுத்தைப் படிக்கும்போது கையில் இருக்கும் சாவியைப் பார்க்காது. ஆகவே கார்டு வரும் ஷாட்களை, ஒரு பக்கம் வெற்றிடம் விட்டு, படப்பிடிப்பின்போதே திட்டமிட்டு எடுங்கள். ஓரங்களில் பத்து சதவீதம் விட்டு எழுத்தை வையுங்கள். ரத்தம் சொட்டும் எழுத்துரு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பொம்மைத் துப்பாக்கியோடு தெருவில் எடுக்கலாமா?

பதில்: கூடாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது. பொது இடமென்றால் முன் அனுமதி, காவல்துறைக்குத் தகவல், கூடவே பொறுப்பான பெரியவர் ஒருவர். இல்லையென்றால் வீட்டுக்குள் எடுங்கள். கத்திக்கும் அப்படித்தான். மழுங்கிய கத்தியைக் காட்டிக் கூர்மையை ஒலியில் கொண்டு வரலாம்.

கேள்வி: மதிப்பீட்டில் ‘லோ ஆங்கிள் (கீழிருந்து மேல்நோக்கிய கோணம்) வைத்தோம், அது அச்சத்தை உண்டாக்கியது’ என்று எழுதினேன். ஆழம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். இன்னும் என்ன எழுத?

பதில்: யாருக்கு அச்சம் உண்டானது, அது எப்படித் தெரியும் என்ற இரண்டுக்கும் அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘0:41இல் கேமராவைத் தரை மட்டத்தில் வைத்தேன், கதவுக்கு அடியிலுள்ள இடைவெளி ஃப்ரேமின் நடுவில் வரவேண்டும் என்பதற்காக. ஆறு பேரிடம் காட்டியதில் நான்கு பேர் இடைவெளியைக் கவனிக்கவில்லை, நடிகையின் வெள்ளைக் காலணி கண்ணை இழுத்துவிட்டது. இரண்டாவது எடிட்டில் காலணி வெளியேறிய பிறகும் ஷாட்டை இரண்டு நொடி நிறுத்தினேன்.’ எந்த நொடி, என்ன நோக்கம், என்ன நடந்தது, என்ன மாற்றினேன் என நான்கும் வந்துவிட்டன. ‘நாங்கள்’ என்று மறைந்துகொள்ளாமல் ‘நான்’ என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். குழுப் பணியில் உங்கள் பங்கு எது என்று வாசிப்பவர் தேடுவார்.

இதற்குச் சான்று வேண்டும். எடிட்டின் ஒவ்வொரு வடிவத்தையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாக வையுங்கள். குழுவில் இல்லாத ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் படத்தை நிறுத்தி, ‘அடுத்து என்ன நடக்கும்? எதைப் பார்த்து அப்படி நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த கேள்வி அவர்கள் வாயிலிருந்து வராவிட்டால் எந்த ஷாட்டில் தவறியது என்று தேட முடியும்.

கேள்வி: திட்டமிட்டது பாதிகூட வரவில்லை. அதை எழுதினால் மதிப்பெண் குறையாதா?

பதில்: ‘நேரம் போதவில்லை, மழை வந்துவிட்டது’ என்று மட்டும் எழுதினால் அது புகார்ப் பட்டியல், அதற்கு ஒன்றும் கிடைக்காது. மழையால் வெளிக்காட்சி போனது, அதற்குப் பதில் என்ன எடுத்தீர்கள், அதனால் கதையில் பார்ப்பவருக்குக் கிடைக்காமல் போன தகவல் எது, அதை ஒலியிலோ டைட்டிலிலோ ஈடுகட்டினீர்களா என்று தொடர்ந்தால் அதுதான் மதிப்பீடு. தொழில்முறைப் படத்தின் தொடக்கம் ஒன்றை எடுத்து, ஷாட் நீளங்களை எண்ணி உங்களுடையதோடு ஒப்பிடலாம். ‘அவர்கள் சராசரி ஆறு நொடி, நான் இரண்டரை, என் வெட்டுகள் நடிகையின் முகபாவம் முடியுமுன்பே விழுகின்றன’ என்ற வகை வரி, பத்து கலைச்சொல்லைவிடப் பேசும்.

கேள்வி: கடைசியாக, எந்த வடிவத்தில் கோப்பைக் கொடுப்பது?

பதில்: வேறு ஏதும் கேட்காத பட்சத்தில் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 1920க்கு 1080, எடுத்த அதே ஃப்ரேம் வேகம், நொடிக்கு 16 மெகாபிட், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இரண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 மெகாபைட் வரும். பென்டிரைவில் ஏற்றியபின் வேறொரு கணினியில் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். எடிட்டிங் மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் கொண்டுபோனால் அங்கே திறக்கும்போது எல்லா ஷாட்டும் ‘மீடியா இல்லை’ என்று சிவப்பாக நிற்கும்.