போர்க் கதைகளில் வரும் சிப்பாய்கள் ஏன் எப்போதும் மனச்சுமையோடே இருக்கிறார்கள்? பயிற்சி பெற்ற வீரனுக்கு உண்மையில் அப்படி இருக்குமா?

இருக்கும். பயிற்சி பெற்றவனுக்கும் இருக்கும்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் இலக்கியம் படித்தவள் இல்லை. ராணுவத்தில் இருந்தவளும் இல்லை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன். பிறந்து வளர்ந்தது எல்லாம் வடசென்னைத் தண்டையார்பேட்டை. அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டுநராக இருந்தார். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர்.

இந்தக் கேள்வியை இங்கே போட்ட உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு போர் நாவலைப் பாதிவரை படித்துவிட்டு, 'என்னடா இவன், சண்டை போடாமல் புலம்பிக்கொண்டே இருக்கிறான்' என்று சலித்துப் போயிருப்பீர்கள். அது தப்பில்லை. ஆனால் கேள்விக்குக் கீழே 'வீரத்தைப் பாடிய தமிழனுக்கு இந்தப் புலம்பல் எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

புறநானூற்றின் 278-ஆம் பாட்டை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறோம். மகன் புறமுதுகிட்டான் என்று யாரோ சொன்னதை நம்பி, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டுகிற கிழவி. அவன் சிதைந்து கிடப்பதைப் பார்த்து, பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்ந்தாளாம். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அதே சங்க இலக்கியத்தில்தான் முல்லைப்பாட்டும் இருக்கிறது. பாசறையில் ஓர் அரசன் தூக்கம் வராமல் கிடக்கிறான். வேல் பாய்ந்த புண்ணோடு பெண் யானைகளையே மறந்துவிட்ட யானையை நினைக்கிறான். அம்பு தைத்து, செவியைச் சாய்த்து, தீனி தின்னாமல் வருந்தும் குதிரையை நினைக்கிறான். 'உண்ணாது உயங்கும் மா' என்கிறார் நப்பூதனார். நெடுநல்வாடையிலோ வாடைக் காற்று அடிக்கும் நள்ளிரவில் அரசன் படுக்காமல், நாலு பேரோடு நடந்து போய், புண்பட்டுக் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறான். அதை எழுதியவர் நக்கீரர். இவற்றுக்கெல்லாம் எந்த வெள்ளைக்காரன் சரக்கு கொடுத்தான்? மேடையில் பேசுகிறவர்கள் கிழவியை மட்டும் எடுத்துக்கொண்டு, தூங்காத அரசனை விட்டுவிட்டார்கள்.

இனி அப்பா கதை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காலத்தில் சர்க்கரை அப்பாவின் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. பேப்பர் படிக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை அவர். அதனால் நான் வேலை முடிந்து வந்து எதையாவது வாசித்துக் காட்டுவேன். எரிக் மரியா ரெமார்க் என்ற ஜெர்மானியர் முதல் உலகப் போரைப் பற்றி எழுதிய நாவல், மேற்கு முனையில் எந்த மாற்றமும் இல்லை என்ற பொருளில் தலைப்பு வைத்தது, 1929-ல் வந்தது. அதன் இங்கிலீஷ் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். நல்ல தமிழ் எல்லாம் இல்லை, எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ்தான். குண்டு விழுகிற இடம், எலி வருகிற இடம், எல்லாவற்றுக்கும் 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தார்.

அதில் பால் என்கிற பையன் லீவில் ஊருக்கு வருவான். அவனுடைய சிநேகிதன் கெம்மரிக், காலை வெட்டி எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெல்ல மெல்லச் செத்தவன். அவனுடைய அம்மாவைப் பார்க்கப் பால் போகிறான். என் பிள்ளை எப்படிச் செத்தான் என்று அவள் கேட்கிறாள். உடனே உயிர் போய்விட்டது, வலியே தெரிந்திருக்காது என்கிறான். அவள் நம்பவில்லை, சத்தியம் செய் என்கிறாள். செய்கிறான்.

"நிறுத்துமா" என்றார் அப்பா. "அந்தப் பையன் இன்னா சொன்னான், திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"நானும் அத்தான் சொன்னேன்."

அன்றுதான் முதல்முறையாக அந்தக் கதை வெளியே வந்தது. யாழ்ப்பாணத்துப் பக்கம் ரேஷன் ஏற்றிக்கொண்டு போன வரிசையில் அப்பாவுக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் ஏறிவிட்டது. வண்டித் தரையில் மணல் மூட்டை அடுக்கித்தான் ஓட்டுவார்கள், அதையும் மீறி. அதை ஓட்டியவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், பெங்களூரில் பயிற்சியிலிருந்தே அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். வயிற்றில் அடி. ரோட்டோரம் படுக்க வைத்தார்கள். ஹெலிகாப்டர் வரத் தாமதம். அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது முதலுதவிப் பாடம். அப்பாவின் இடுப்பில் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. அப்பா கொடுக்கவில்லை. உதட்டை மட்டும் துணியால் நனைத்தாராம். ஹெலிகாப்டர் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அடுத்த லீவில் அப்பா அவர் ஊருக்குப் போனார். அவருடைய அம்மா முதலில் கேட்ட கேள்வியே, "தண்ணி கேட்டானாப்பா?" என்பதுதான்.

"கேக்கறதுக்கு நேரமே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நீங்கள் கேட்டது 'பயிற்சி பெற்ற வீரனுக்கு' என்று. அப்பா பயிற்சிப்படிதான் நடந்தார். எந்த மருத்துவரைக் கேட்டாலும் அவர் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள், நானும் சொன்னேன். "தெரியும்மா" என்றார். பயிற்சியே இல்லாத ஒருவன் ரெண்டு மடக்குக் கொடுத்திருப்பான், அப்புறம் நிம்மதியாக அழுதிருப்பான். அப்பாவுக்கு அந்த வழி இல்லை. சரியாகச் செய்த ஒன்றுக்காக யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போடுகிறவரோ கரண்ட் ரீடிங் எடுக்கிறவரோ, அப்பா எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுப்பார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். 2019 கோடையில் ஏரிகள் எல்லாம் வற்றி, லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு நின்றபோதுகூட அந்தச் சொம்பு நிற்கவில்லை. அம்மாவுக்கும் அவருக்கும் அந்த வருஷம் தினம் சண்டை. நாங்கள் அதைப் பழைய காலத்து உபசாரம் என்றே நினைத்தோம்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு செக்போஸ்டில் வயசான அம்மா ஒருவர், "நீங்கள் தமிழோ தம்பி?" என்று கேட்டாராம். அப்பா தமிழே தெரியாதவர் மாதிரி, இந்தியில் "ஆகே சலோ", அதாவது முன்னால் போ, என்று கையைக் காட்டினாராம். அந்த அம்மா என்ன கேட்க வந்தார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. இதைச் சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது. சிநேகிதர் கதையை நிதானமாகத்தான் சொன்னார்.

இங்கே சிலர் உடனே கமெண்டில் வருவீர்கள். அதனால் தெளிவாகவே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து மக்கள் பட்டதோடு அப்பா பட்டதை நான் ஒரே தராசில் வைக்கவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது நடக்கவில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், அப்பாவும் சொன்னதில்லை. அவர் லாரிதான் ஓட்டினார், ஆனால் லாரியில் அரிசி மட்டும் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மறுபக்கம், ராணுவத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்று கொடி தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு: அங்கே செத்த இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,200 பேர். அவர்களில் எத்தனை பேருடைய ஊர் உங்களுக்குத் தெரியும்?

1990 மார்ச் 24-ல் கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. வந்து இறங்கியது இதே சென்னைத் துறைமுகத்தில், எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அப்போதைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவருக்குக் காரணம் இருந்தது, அதை நான் இங்கே விசாரிக்கப் போவதில்லை. எனக்கு நினைவிருப்பது சின்ன விஷயங்கள்தான். ஸ்கூலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "உங்கப்பா தமிழங்களையே சுட்டாராமே" என்று கேட்டது. அப்பா லீவில் வந்தபோது டீக்கடைப் பெஞ்சில் அவருக்கு இடம்விட்டு எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தது. அது மரியாதை இல்லை என்று எனக்கு அந்த வயதிலேயே புரிந்தது. அதே ஆட்கள்தான் பின்னாளில் ராணுவக் கேன்டீன் கோட்டாவில் ஒரு மது பாட்டில் கிடைக்குமா என்று வாசலில் வந்து நின்றார்கள்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். போரில் வரும் இந்த மனக்காயத்தையும் சேர்த்து அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஒரு தனி நோயாகப் பெயர் கொடுத்ததே 1980-ல்தான். அது தண்டையார்பேட்டைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும்? மனநல ஆஸ்பத்திரி இருப்பதால், எங்கள் பக்கத்தில் 'கீழ்ப்பாக்கம்' என்றால் ஊர் பெயர் இல்லை, வசவு. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அப்பாவைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டிப் போனார். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது, குறை சொல்லமாட்டேன்.

நாவல்கள் எங்கே சறுக்குகின்றன என்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் சலிப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மோசமான போர்க் கதையில் சிப்பாய் அத்தியாயத்துக்கு ஒருமுறை அலறிக்கொண்டு எழுந்திருப்பான். எங்கள் அப்பா நன்றாகத் தூங்குவார், குறட்டை தெருவுக்குக் கேட்கும். அவருடைய சுமை வேறு இடத்தில் தெரியும். தோண்டி மூடிய மண்ணை மிதிக்கமாட்டார். ரோட்டில் புதிதாக ஒட்டுப் போட்ட இடம் இருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார், எங்களையும் இழுத்துக்கொண்டு. கண்ணிவெடி வைப்பவர்கள் அப்படித்தான் மூடுவார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதுவும் எங்கள் ஏரியாவில் தோண்டாத ரோடு எது? இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. குடிநீர், கேபிள், சாக்கடை என்று மாற்றி மாற்றி வெட்டுவார்கள், ஒழுங்காக மூடமாட்டார்கள். நகரத்தின் தெற்கே ஒரு பள்ளம் விழுந்தால் அன்று மாலையே டிவியில் வருகிறது. இங்கே ஒரு மழைக்காலம் முழுக்கப் பள்ளத்தில் கட்டையை நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைத்திருப்பது நாங்களே. சினிமாவும் அப்படித்தான். வடசென்னை என்றால் கையில் கத்தி, வாயில் கெட்ட வார்த்தை. இங்கிருந்து ராணுவத்துக்கும் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் போன ஆண்களை எந்த கேமராவும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுமை அலறலில் இல்லை, வேறு இடத்தில்தான் தெரியும் என்பது நல்ல எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வியட்நாமில் சண்டையிட்ட டிம் ஓ'பிரையன் 1990-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில், ஒவ்வொரு சிப்பாயும் தூக்கிப்போன பொருள்களின் எடையைப் பவுண்டுக் கணக்கில் சொல்லிக்கொண்டே போவார். அந்தக் கணக்கோடு கணக்காக, ஒரு லெப்டினன்ட் தன் முதுகுப்பையில் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் கடிதங்களும் வரும். தன் ஆள் ஒருவன் செத்ததும், அவளை நினைத்துக்கொண்டு இருந்ததால்தான் இது நடந்தது என்று அந்தக் கடிதங்களை எரிப்பார். அலறல் எதுவும் கிடையாது. அப்பாவின் டிரங்குப் பெட்டியிலும் கடிதங்கள் இருந்தன, அம்மா எழுதியவை. வீட்டு வாடகை, என் ஸ்கூல் பீஸ், குழாயில் தண்ணீர் வராதது. அத்தனையும் அங்கே வண்டி ஓட்டும்போது அவர் தலையில் இருந்திருக்கிறது.

'கோழையைக் கதாநாயகனாக்குகிறார்கள்' என்றும் எழுதியிருக்கிறீர்களே, ரெமார்க்கின் நாவலுக்கு எதிராகவும் ஒருகாலத்தில் அதையேதான் சொன்னார்கள். போர்வீரர்களுக்குத் துரோகம் செய்த எழுத்து என்று 1933-ல் நாஜிகள் நடுரோட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். ரெமார்க் அதே போரில் 1917-ல் குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

பாதியில் வைத்த நாவல் எதுவாக இருந்தாலும், சிப்பாய் லீவில் வீட்டுக்கு வரும் பகுதிக்கு நேராகப் போங்கள். வீட்டில் கேட்கும் கேள்விக்கு அவன் என்ன பதில் சொல்கிறான் என்று பாருங்கள். அந்த இடம் பொய்யாக இருந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள், நீங்கள் சலித்துக்கொண்டது சரிதான். அந்த இடம் உண்மையாக இருந்தால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படியுங்கள்.