டேவி கிரகாம் பாணியில் கிதாருக்கு டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதி வைப்பது எப்படி? நாட்டுப்பாடல்களுக்கு அது ஏன் பொருந்துகிறது?

இங்கிலாந்தின் ஃபோக் கிளப்களில் 1960களில் இந்தச் சுருதியைப் பரப்பியவர் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் டேவி கிரகாம். ஆறாம் (மிகத் தடித்த) தந்தியிலிருந்து முதல் தந்திவரை வரிசையாக டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று அமையும். வழக்கமான சுருதியிலிருந்து (இ-ஏ-டி-ஜி-பி-இ) மூன்று தந்திகளை மட்டும் தலா ஒரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு, இறக்கினால் போதும்.

நான்காம் தந்தி ஏற்கெனவே டி. ஆறாம் தந்தியை இறக்கி, அதன் 12ஆம் ஃப்ரெட் நான்காவதன் திறந்த ஒலியோடு ஒன்றும்படி வையுங்கள். ஐந்தாவதன் 12ஆம் ஃப்ரெட்டோடு இரண்டாம் தந்தி, நான்காவதன் 12ஆம் ஃப்ரெட்டோடு முதல் தந்தி சேர வேண்டும். இறக்கும்போது இலக்குக்குச் சற்றுக் கீழே போய், பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். இறக்கியபடியே விட்டால், நட்டில் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் பள்ளமிட்ட கட்டை) சிக்கிய தந்தி பாட்டின் நடுவே நழுவிச் சுருதி மாறும். இழுவிசை குறைவதால் மற்ற மூன்றும் லேசாக ஏறியிருக்கும். ஆறு தந்திகளையும் மறுபடி பாருங்கள்.

நம் கணக்கில் இது ஸ-ப-ஸ-ம-ப-ஸ. காந்தாரமே இல்லை! அதனால் மேஜரா மைனரா என்று கிதார் முடிவு செய்வதில்லை, பாடுபவரே செய்கிறார். டோரியன், மிக்ஸோலிடியன் என்ற பழைய மேற்கத்திய ஸ்வர வரிசைகளின் சாயலுள்ள பழைய ஆங்கிலப் பாடல்களுக்கு இதுதான் வசதி. மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டை மட்டும் அழுத்தினால் ஸ-ப மட்டுமே ஒலிக்கும், தம்புரா மாதிரி.

குரலுக்கு டி தாழ்வாக இருந்தால் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) 2ஆம் ஃப்ரெட்டிலோ 3ஆம் ஃப்ரெட்டிலோ மாட்டுங்கள். இறுக்கினால் சுருதி ஏறும், மாட்டிய பின் மீண்டும் சரிபாருங்கள். ஆறாம் தந்தி தளர்ந்து இரைந்தால் முதல் தந்தி 0.013 அங்குலம் உள்ள தடித்த தந்தி செட்டுக்கு மாறலாம்.