டியூஷனுக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் வரை அறிவியலில் எழுபதுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவள், இந்த வருஷம் நாற்பதுகளுக்கு இறங்கிவிட்டாள். கூச்ச சுபாவம், வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கவே மாட்டாள். எங்கள் மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், எல்லாச் செலவும் போக 12 பங்கு மிஞ்சும். கடன் இல்லை. மூன்று மாதச் செலவுக்கான அவசரகாலப் பணம் தனியாக இருக்கிறது. எங்கள் முன் இரண்டு வழிகள். ஒன்று, டியூஷன் சென்டர்: ஒரு பேட்ச்சில் எட்டுப் பேர், வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். மாதம் 6.25 பங்கு, வருஷத்துக்கும் சேர்த்து முன்பே கட்டினால் 75-க்குப் பதில் 60. இன்னொன்று, தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை: மணிக்கு 1.25 பங்கு, வாரம் இரண்டு மணி நேரம், ஆக மாதம் 10. கணவர், “படிப்பு முதலீடுதானே, அவசரப் பணத்தில் எடுத்து சென்டருக்கு மொத்தமாகக் கட்டிவிடலாம்” என்கிறார். எது சரி? அப்புறம், தம்பி ஆறாம் வகுப்பு. அக்காவுக்கு மட்டும் செய்தால் ஏங்கிப்போவான். அவனையும் சேர்த்துவிடலாமா?

பதில்: மொத்தமாகக் கட்டாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தள்ளுபடிக்குக் கடைசித் தேதி ஒன்று சொல்லியிருப்பார்கள், அதற்குள் இந்தப் பதில் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மாதாமாதம் கட்டினால் 6.25. ஒன்பது மாதத்துக்கு 56.25 ஆகும், பத்து மாதத்துக்கு 62.5. அதாவது உங்கள் மகள் அங்கே முழுதாகப் பத்து மாதம் போனால்தான் அந்த 60 உங்களுக்கு லாபம். ஒன்பதாவது மாதம் நின்றால்கூட நஷ்டம். இன்னும் ஒரு வகுப்புகூட உட்கார்ந்து பார்க்காத இடத்தில், பத்து மாதம் தாக்குப்பிடிப்பாள் என்று பந்தயம் கட்டச் சொல்கிறார்கள். அதுவும் எந்தப் பணத்தில்? நீங்கள் ஐந்து மாதம் சேமிக்கும் தொகை அது. உங்கள் செலவு மாதம் 88 என்றால், மூன்று மாத அவசரப் பணம் 264. அதில் 60 போனால் இரண்டு மாதமும் சில நாட்களும்தான் தாங்கும். வேலை போனாலோ, வீட்டில் யாராவது படுத்துக்கொண்டாலோ டியூஷன் சென்டர் அந்தப் பணத்தைத் திருப்பித் தராது.

இதில் நானே சூடுபட்டவன். என் பையனுக்கு ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டினேன். நான்காவது மாதம் அவனுக்குப் பிடித்த இயற்பியல் சார் வேறு இடத்துக்குப் போய்விட்டார். வந்தவர் கரும்பலகையைப் பார்த்தே பேசுவார். பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. மற்றவர்களுக்குக் காப்பீட்டுப் பத்திரத்தின் கடைசி வரி வரை படித்துச் சொல்கிற நான், அந்த ரசீதைத் திருப்பிப் பார்க்கவில்லை. “கட்டின பணம் வீணாகக் கூடாது” என்று மீதி எட்டு மாதமும் அவனை அனுப்பினேன். போன பணம் போனதுதான். அதோடு அவனுடைய எட்டு மாத மாலைப் பொழுதையும் சேர்த்துத் தொலைத்தேன்.

சரி, சென்டரா, தனி ஆசிரியையா? மேலோட்டமாகப் பார்த்தால் சென்டர் மலிவு. மாதம் 18 மணி நேரத்துக்கு 6.25, மணிக்கு 0.35 பங்குகூட வராது. ஆசிரியைக்கு மணிக்கு 1.25. ஆனால் உங்கள் மகளுக்கு எது தேவையோ அதன் விலையைப் போட்டுப் பாருங்கள். தொண்ணூறு நிமிட வகுப்பில் நாற்பது நிமிடம் பொதுப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐம்பது நிமிடத்தை எட்டுப் பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு ஆறேகால் நிமிடம். மாதம் பன்னிரண்டு வகுப்புக்கு 75 நிமிடம், அதாவது ஒன்றேகால் மணி நேரம். அவளுடைய நோட்டை மட்டும் ஒருவர் பார்க்கும் நேரத்துக்கு மணிக்கு 5 பங்கு கொடுக்கிறீர்கள்! தனி ஆசிரியையைவிட நான்கு மடங்கு. அதுவும் நேரம் சமமாகப் பிரிந்தால். வாய் திறக்கும் பிள்ளைகள் அதிகம் எடுத்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பாடம் புரிகிறது, பயிற்சிதான் போதவில்லை என்கிற பிள்ளைக்கு அந்த எட்டுப் பேர் வகுப்பே நல்ல பேரம்.

தனி டியூஷன் என்றாலே அற்புதம் நடக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1984-ல் பெஞ்சமின் ப்ளூம் என்ற கல்வி ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை ஒன்று மிகப் பிரபலம். தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் நூற்றுக்குத் 98 பேரைத் தாண்டினார் என்றார் அவர். பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. 2011-ல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த அளவைப் போட்டால், அதே சராசரி மாணவர் நூற்றில் முக்கால்வாசிப் பேருக்குச் சற்று மேலே போவார். என் தொழிலில் பழக்கமான சங்கதிதான் இது: விளம்பரத்தில் போடும் வருமானம் ஒன்று, கைக்கு வருவது ஒன்று. கைக்கு வருவதே இங்கே நல்ல வருமானம்தான். ஆனால் யார் சொல்லிக்கொடுக்கிறார், எப்படி என்பதைப் பொறுத்தது.

ஆசிரியைக்கு போன் போடுவதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. கடைசி இரண்டு தேர்வின் விடைத்தாள்களை எடுத்து மகளோடு உட்காருங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தப்பைப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பத்து வினாடியில் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்கு, 72-ஐப் பத்தால் பெருக்கி 720 மீட்டர் என்று எழுதியிருக்கிறாளா? 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர், ஆக விடை 200 மீட்டர். அந்தத் தப்பு இயற்பியல் தெரியாததால் வந்ததல்ல, அலகு மாற்றத் தெரியாததால் வந்தது. கணக்கில் நாலு நாள் உட்கார்ந்தால் தீரும். வேதியியலில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகும் சமன்பாட்டைச் சமன்செய்ய, தண்ணீருக்கு முன்னால் 2 போடாமல், ஆக்சிஜனுக்குக் கீழே சின்னதாக 2 போட்டிருக்கிறாளா? எண்ணிக்கை சரியாகிவிடும், ஆனால் அவள் எழுதியது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்தத் தப்பு வேறு ரகம். கீழே போடும் எண் பொருளையே மாற்றிவிடும் என்பது அவளுக்கு யாரும் புரிய வைக்கவில்லை. இதற்குத்தான் ஆள் வேண்டும். மூன்றாவது ரகம், எல்லாம் தெரிந்தும் இரண்டு வரியில் எழுதி முடித்துவிடுவது. அதைப் பள்ளி ஆசிரியரிடம் காட்டினால் எதற்கு மதிப்பெண் போகிறது என்று அவரே சொல்வார்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். எந்தப் பக்கம் நீளமாக இருக்கிறதோ அதற்குத்தான் பணம். சில வீடுகளில் இந்தத் தாளை எழுதி முடித்ததும் டியூஷனே வேண்டாம் என்று ஆகியிருக்கிறது.

அப்புறம் அந்த ஆசிரியை. பட்டம், அனுபவம், “என் மாணவர்கள் எல்லாம் தொண்ணூறுக்கு மேல்” என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். இலவச டெமோ வேண்டாம். இலவசமாக வந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். நான் மேலே சொன்ன தண்ணீர்ச் சமன்பாடு இருக்கும் விடைத்தாளைக் கையில் கொடுங்கள். “இது தப்பு, இப்படிப் போடணும்” என்று பேனாவைத் தானே எடுக்கிறாரா, “நீ ஏன் இங்கே 2 போட்டாய், சொல்லு” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாரா? அந்தச் சும்மா இருப்பதைக் கவனியுங்கள். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அவர்களே கேள்வியும் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று வினாடி! உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைக்கு அதுதான் நீங்கள் விலை கொடுத்து வாங்கும் பொருள். சந்தேகம் கேட்கப் பயப்படும் பிள்ளை, கட்டணம் செலுத்திய ஒரு மணி நேரத்தில் பாதியைத் தலையாட்டியே கழித்துவிடும்.

அன்பாகப் பேசுகிறவர் எல்லாம் துணை நிற்கிறவர் என்று அர்த்தமில்லை. சிரித்த முகத்தோடு வீட்டுப்பாடத்தைத் தாமே செய்துகொடுக்கிறவர்களும் உண்டு. பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும், நோட்டு பளிச்சென்று இருக்கும், தேர்வில் அதே நாற்பது. வகுப்பு முடிந்ததும் “மிஸ் பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள். “இன்றைக்கு என்ன தப்பு செய்தாய்?” என்று கேளுங்கள். தன் தப்பை வெட்கமில்லாமல் உங்களிடம் விளக்கினாள் என்றால் ஆசிரியை தேறிவிட்டார்.

இரண்டு எச்சரிக்கைகள். அவளுடைய விடைத்தாளைத் திருத்தும் பள்ளி ஆசிரியரிடமே காசு கொடுத்து டியூஷன் வைக்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மதிப்பெண் ஏன் ஏறியது என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அப்புறம், வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். வேறு இரண்டு பெற்றோரிடம் விசாரிக்காமல் ஆரம்பிக்க வேண்டாம். மகள் ஒருநாள் “போக மாட்டேன்” என்றால் கட்டிய பணத்தைக் காரணம் காட்டாதீர்கள், என்னவென்று கேளுங்கள்.

பணத்தை இப்படிப் போடலாம் என்பது என் யோசனை. முதல் மாதம் வாரம் இரண்டு மணி நேரம், 10 பங்கு. இரண்டாவது மாதம் வாரம் ஒரு மணி நேரம், 5 பங்கு. இரண்டு மாதத்துக்கு ஆகும் 15, அதே காலத்தில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் 24-க்குள் அடங்கிவிடுகிறது. சேமிப்பும் அறுபடவில்லை, அவசரப் பணத்தையும் தொடவில்லை. கட்டணம் மாத முடிவில். எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் வகுப்பை ரத்து செய்யலாம், அவர் வராத நாளை எப்படி ஈடுகட்டுவார், தேர்வு மாதத்தில் கட்டணம் ஏறுமா, இந்த மூன்றையும் ஒரு குறுஞ்செய்தியில் எழுதி அவரிடம் “சரி” வாங்கிவிடுங்கள். நல்ல ஆசிரியை இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மகளின் நிலையிலேயே இருக்கும் தோழி ஒருத்தி கிடைத்து இருவராக உட்கார்ந்தால் கட்டணம் குறையுமா என்றும் கேளுங்கள். கூச்சப்படும் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு கூச்சக்காரி இருப்பது பல சமயம் நல்லதே.

எட்டாவது வார முடிவில் அந்தப் பழைய தாளை எடுங்கள். அதே ரகத் தப்புகள் வரக்கூடிய ஐந்து புதுக் கேள்விகளை அவளிடம் கொடுங்கள். நான்கு சரி என்றால் வாரம் ஒரு மணி நேரத்தோடு தொடரலாம், அல்லது நிறுத்திவிட்டு அடுத்த பாடத்தில் தடுமாறும்போது கூப்பிடலாம். இரண்டுக்குக் கீழ் என்றால் ஆசிரியையை மாற்றுங்கள். கணவரிடமும் இதையே சொல்லுங்கள்: முதலீடு என்கிறார், நானும் ஒத்துக்கொள்கிறேன். எப்போது வெளியே வருவது என்று தெரியாமல் எந்த முதலீட்டிலும் போட வேண்டாம் என்றுதான் வேறு யாரைக் கேட்டாலும் அவரிடம் சொல்வார்கள்.

தம்பியைச் சேர்க்க வேண்டாம். அவனுக்கு இப்போது குறை ஒன்றும் இல்லை. ஏக்கம் தீர டியூஷன் வைத்தால் அந்த ஏக்கத்துக்கு மாதாமாதம் கட்டணம் கட்டுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் அக்கா அவனுக்குப் பாடம் எடுக்கட்டும். அந்த வாரம் படித்ததில் ஏதாவது ஒன்று, காந்தமோ தண்ணீரோ. ஆறாம் வகுப்புப் பையன் ஏடாகூடமாகக் கேட்பான். அவளுக்குப் பதில் தெரியாத கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடுத்த வகுப்பில் மிஸ்ஸிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தம்பி கேட்டான் என்று சொல்வதற்கு அவளுக்குக் கூச்சம் இருக்காது.